உதவி: மீன் சாப்பிட மாட்டேங்குது, வயிறு ஒட்டிப்போச்சு

அல்சூர்_சரண்யா:
அவசரம். புதுசா வாங்கின மீன் எதையும் தொட மாட்டேங்குது. தீனி போட்டா கிட்ட வந்து உத்துப் பார்க்குது, திரும்பிடுது. வயிறு உள்ளே போயிடுச்சு. கடைக்காரர் உப்பு போடச் சொன்னார். போடலாமா?

மடிவாளா_மணி:
என்ன மீன்மா? தொட்டி எத்தனை லிட்டர், வச்சு எத்தனை நாளாச்சு? தண்ணி காவேரியா போரா?

ராஜாஜிநகர்_ரவி:
டேங்கர் தண்ணியாத்தான் இருக்கும். முதல்ல டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்புகளோட அளவு) பாருங்க. பெங்களூருல எல்லாக் கோளாறும் அங்கேதான் ஆரம்பிக்குது.

அல்சூர்_சரண்யா:
பீ பஃபர் (pea puffer), அந்தப் பட்டாணி மாதிரி குட்டி மீன். மொத்தம் ஆறு மீன் இருக்கு. காவேரி தண்ணிதான். நல்ல பெல்லட்தான் (காய்ஞ்ச உருண்டைத் தீனி) போடுறேன்.

பழைய_தொட்டி:
மீன் பேரே சொல்லாம வைத்தியம் கேட்டா எப்படி? இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் எழுதுறது? வாங்குறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும். பஃபர் பெல்லட்டைத் தீனின்னே மதிக்காது. அது வேட்டை மீன். ரெண்டு கண்ணையும் தனித்தனியா உருட்டி, இரை அசையுதான்னு பார்த்துட்டுத்தான் கடிக்கும். குட்டி நத்தை, டஃப்னியா (தண்ணியில நீந்துற பொடிப்பூச்சி), ஃப்ரோசன் பிளட்வோர்ம் (உறைய வச்ச சிவப்புப் புழு) கொடுங்க.

கோரமங்களா_குரு:
பஃபர்னாலே உப்புத்தண்ணி மீன். ஒரு கைப்பிடி கல்லுப்பு போடுங்க, சரியாயிடும்.

பாலக்காட்டு_மருமகன்:
குரு அண்ணே, தயவுசெஞ்சு வேண்டாம். உப்பு கலந்த தண்ணி கேட்கிறது பச்சை பஃபர்ங்கிற வேற வகை. இந்த பீ பஃபர் ஒண்ணரை அங்குலம்கூட வளராத நன்னீர் மீன், மேற்குத் தொடர்ச்சி மலையிலேருந்து இறங்குற ஆறுகள்ல மட்டும்தான் உண்டு. 1941-ல் மீன் ஆய்வாளர்கள் ஹோராவும் நாயரும் திருவிதாங்கூர் மீன்னு பேர் வச்சு விவரிச்சது இதைத்தான். பம்பை மாதிரி ஆத்துல, செடி அடர்ந்த மெதுவான தண்ணியில இருக்கும்.

கோரமங்களா_குரு:
கேரளாவுல வேம்பநாட்டுலயும் இருக்கே. அது கடல் ஏறுற காயல்தானே?

பாலக்காட்டு_மருமகன்:
அந்த உப்பு குட்டநாட்டு வயலுக்கு ஏறக்கூடாதுன்னுதான் தண்ணீர்முக்கத்துல காயலுக்குக் குறுக்கே தடுப்பே கட்டினாங்க. காயல் முழுக்க ஒரே தண்ணி இல்லண்ணே.

ராஜாஜிநகர்_ரவி:
உப்பை விடுங்க, டிடிஎஸ் எவ்வளவுன்னு இன்னும் யாருமே கேட்கலை.

மடிவாளா_மணி:
சரண்யா, கழிவு வெள்ளையா நூல் மாதிரி தொங்குதா? கடைக்கு வர்றதுல நிறைய ஆத்துல பிடிச்சது, வயித்துல புழு இருக்கலாம். தின்னும் வயிறு ஏறலைன்னா அதைத்தான் சந்தேகப்படணும்.

அல்சூர்_சரண்யா:
உப்பு போடலை. பக்கத்து வீட்டுத் தொட்டியில இருந்து குட்டி நத்தை வாங்கிப் போட்டேன். ஒண்ணு ஓட்டுக்குள்ள இருந்து சதையைப் பிடிச்சு இழுத்துச்சு! மத்ததும் வந்துச்சு. ஒண்ணு மட்டும் ஹீட்டர் பின்னாடியே நிக்குது. நன்றி எல்லாருக்கும்.

மடிவாளா_மணி:
ரொம்ப சந்தோஷம்மா. அந்த ஒண்ணோட வால் கிழிஞ்சிருக்கா பாருங்க. வயித்துல கறுப்புக் கோடு, கண்ணுக்குப் பின்னாடி சுருக்கம் இருந்தா ஆண். ரெண்டு மூணு ஆண் சேர்ந்தா ஒண்ணை விடாம விரட்டும். செடி நிறைய வைங்க, ஒண்ணோட கண்ணுல ஒண்ணு படக்கூடாது. தொட்டி வச்சு எத்தனை நாள்னு இன்னும் சொல்லலையே? புதுத் தொட்டின்னா அம்மோனியா பார்த்தே ஆகணும்.

பழைய_தொட்டி:
லிட்டரும் சொல்லலை.