சர்ஜில் ஒரு ‘ஆ’ கேட்டது, பிறகு காணவில்லை

வெள்ளவத்தைக் காது:
கணினியில் ஓடும் சின்தசைசரான சர்ஜில், ஒலியை உண்டாக்கும் விண்டோ ஒஸிலேற்றரோடு மல்லுக்கட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வேவ்டேபிளில் (அலைகளின் அட்டவணையில்) வெறும் சைன் அலை, அந்த அலையை ஏற்றியிறக்கும் உறையான விண்டோவின் வடிவம் கோசைன், 110 ஹெர்ட்ஸ் சுரம். எந்த அதிர்வெண் தூக்கலாகக் கேட்க வேண்டும் என்பதை நகர்த்தும் ஃபோர்மன்ட் குமிழை மெல்ல ஏற்றினேன். கடற்கரை ரயிலின் இரைச்சல் அடங்கிய நேரம், ஹெட்போனுக்குள் ஊ என்றிருந்த ஒலி வாயைத் திறந்து ஆ என்றது. ஃபில்டர் எதுவும் போடவில்லை! உடனே ஒரு ஸ்தாயி மேலே அழுத்தினேன். குரலைக் காணோம், யாரோ தகரக் குழல் ஊதினார்கள். அந்த ஆ இன்னும் என்னை விடவில்லை.

பழைய கீபோர்ட்:
இதில் என்ன அதிசயம்? 1984இல் வந்த கேசியோ சிஇசட்-101 சின்தசைசர் இதே வித்தையைச் செய்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு பாடகர் குழுவின் ஒத்திகைக்கு அதை எடுத்துப்போனேன். ஒரு பகுதி தூக்கலாகக் கேட்கும் ரெசொனன்ஸ் அலையை வாசித்ததும் முன்வரிசை அக்கா திரும்பி, “யாருக்குத் தம்பி தடிமன்?” என்றார். அவ்வளவுதான் அதன் குரல். ஒரு மேட்டை, அதாவது தூக்கலான ஒரேயொரு அதிர்வெண் பகுதியை, வைத்துக்கொண்டு உயிரெழுத்து என்று சொல்லாதீர்கள்.

மூன்றாம் மாடி:
கீபோர்ட் அண்ணை சொல்வது பாதிதான் சரி. ஒரு மேடு போதாது என்றால் இரண்டு வைக்கலாமே, சர்ஜில் ஒரு சீனுக்கு (ஓர் ஒலி அமைப்புக்கு) மூன்று ஒஸிலேற்றர் சும்மாவா இருக்கின்றன? நானும் ஒருநாள் இப்படி ஆ தேடி விடியவைத்தவன், அந்தக் கதை கிடக்கட்டும். ஒலி ஆய்வாளர்கள் பீட்டர்சனும் பார்னியும் 1952இல் அளந்த ஆண்குரல் ஆ-வில் முதல் மேடு 730 ஹெர்ட்ஸ் அளவில், அடுத்தது 1090 அளவில். 110 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு அவை ஏறக்குறைய 33, 40 செமிடோன் (அரைச்சுரம்) மேலே. ஒரு ஒஸிலேற்றரில் ஃபோர்மன்டை 33, மற்றதில் 40 வையுங்கள். இரண்டாவதன் சத்தத்தைக் குறையுங்கள்.

தம்பி, உங்கள் ஆ தொலைந்த காரணம் வேறு. விண்டோ சுரத்தின் வேகத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, உள்ளே அலை தன் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் ஃபோர்மன்ட் குமிழ் சுரத்திலிருந்துதான் கணக்கெடுக்கிறது. சுரம் ஒரு ஸ்தாயி ஏறினால் மேடும் கூடவே ஏறும். மனிதத் தொண்டையில் அப்படி நடக்காது, மேடு அநேகமாக இருந்த இடத்திலேயே நிற்கும். அழுத்தும் சுரத்தைப் பின்தொடரும் கீட்ராக்கை ஃபோர்மன்டில் தலைகீழாகப் பூட்டுங்கள்: சுரம் 12 செமிடோன் ஏறினால் ஃபோர்மன்ட் 12 இறங்க வேண்டும். விண்டோவைச் சதுரமாக்கிவிடாதீர்கள், ஓரம் வெட்டுப்பட்டால் மேட்டின் இரு பக்கமும் கரகரப்பு நிறைந்துவிடும். 700 ஹெர்ட்ஸுக்கு மேலே சுரம் போனால் எதுவும் உதவாது. சுரத்தின் மடங்குகளான மேற்றொனிகள் அவ்வளவு இடைவெளியில் இருக்கும்போது மேட்டைக் காட்ட ஆளில்லை, சொப்ரானோ பாடகிகளின் உச்சரிப்பே அங்கே மங்கிவிடுகிறது.

வெள்ளவத்தைக் காது:
பூட்டிப் பார்த்தேன். மேல் ஸ்தாயியிலும் ஆ வருகிறது. தடிமன் இருக்கத்தான் செய்கிறது, அண்ணை.