படைப்புவாதமா, படைப்பியமா, படைப்பியலா? சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

*மொழிபெயர்ப்பாளர், சென்னை:*

குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கான அறிவியல் தொகுப்பு ஒன்றுக்குக் கட்டுரை மொழிபெயர்க்கிறேன். பள்ளி வகுப்பறையில் விவிலியப் படைப்புக் கதையை அறிவியலாகச் சொல்லிக்கொடுக்க அமெரிக்காவில் நடந்த முயற்சிகளும் வழக்குகளும்தான் பொருள். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கிரியேஷனிசம், கிரியேஷன் சயின்ஸ், இன்டெலிஜென்ட் டிசைன் மூன்றுக்கும் சொல் வேண்டும். மூன்றையும் சேர்த்துத்தான் கேட்கிறேன், தனித்தனியாக அல்ல.

காரணம் இது. 1925இல் டென்னசி மாநிலம் அரசுப் பள்ளிகளில் மனிதப் பரிணாமம் கற்பிப்பதையே தடைசெய்தது. டேட்டன் ஊரின் ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். இப்படிப்பட்ட தடை செல்லாது என்று 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அர்க்கன்சா வழக்கில் சொல்லிவிட்டது. தடை போனதும் 'சமநேரம்' வந்தது. பரிணாமம் சொன்னால் படைப்பையும் அறிவியல் என்று சொல்லியாக வேண்டும் என 1981இல் அர்க்கன்சாவும் லூசியானாவும் சட்டம் போட்டன. முதல் சட்டம் 1982இல் நீதிமன்றத்தில் விழுந்தது, இரண்டாவது 1987இல். அப்புறம் அதே சரக்கு, உயிர்களை அறிவுள்ள ஒருவர் வடிவமைத்தார் என்று சொல்லும் இன்டெலிஜென்ட் டிசைன் என்ற பெயரில் வந்தது. பென்சில்வேனியாவின் டோவர் ஊரில் 2005 டிசம்பரில் அதுவும் தோற்றது.

தோற்கும்போதெல்லாம் பெயர் மாறியிருக்கிறது. வாசிப்பவர் கண்ணுக்கு அந்த மாற்றம் தெரிய வேண்டும். இப்போதைக்குப் படைப்புவாதம், படைப்பு அறிவியல், நுண்ணறிவு வடிவமைப்பு என்று போட்டு வைத்திருக்கிறேன். மூன்றாவதில் மனம் ஒப்பவில்லை. 'செயற்கை நுண்ணறிவு' நாளும் காதில் விழுகிற காலத்தில், கணினி வரைந்த வடிவமைப்பு என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

*தமிழாசிரியர் (ஓய்வு), திருவையாறு:*

அன்புள்ள அம்மையீர்,

'வாதம்' எதற்கு? முடக்குவாதம், பக்கவாதம் என்று நோய்க்கு ஆகிவந்த சொல். வடசொல்லும்கூட. பெண்ணியம், மார்க்சியம், தலித்தியம் என்று வழக்கு நிலைத்து எத்தனை காலம் ஆயிற்று! 'படைப்பியம்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

அதைவிடவும் நல்லது ஒன்று உண்டு. கம்பர் கடவுள் வாழ்த்தில் 'உலகம் யாவையும் தாம்உள வாக்கலும்' என்கிறார். இல்லாததை உள்ளதாக்குதல் என்ற பொருளை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. 'உளவாக்கியம்' என்று ஆளலாம். வள்ளுவர் வழி போக விரும்பினால் 'கெடுக உலகியற்றி யான்' இருக்கிறது. 'உலகியற்றியம்' எனலாம்.

படை என்பதன் வேரையும் சொல்லிவிடுகிறேன். படுதல் என்றால் உண்டாதல். தொடு–தொடை, விடு–விடை, தடு–தடை என்ற வரிசையில் படு–படை. உண்டான கருவி படை, அதை ஏந்தியவர் கூட்டமும் படை, உண்டாக்குவதும் படைத்தல். சங்க நூல்களில் வீட்டுக் கொல்லையைப் படப்பை என்றார்கள். அங்கும் விளைவு உண்டாவதால்தான் அப்பெயர் என்பது என் துணிபு. இன்று சென்னைக்கு அருகே படப்பை என்று ஊர்ப்பெயராகவே நிற்கிறது. தாம்பரம் பக்கத்து ஊர்ப்பெயர்கள் பற்றித் தனி மடலில் எழுதுகிறேன்.

*வழக்குரைஞர், மதுரை:*

ஐயா, படப்பைக்கு அப்புறம் போகலாம். 'உளவாக்கியம்' என்று படித்தால் முதலில் உளவுத்துறைதான் நினைவுக்கு வருகிறது. கம்பர் 'உளவாக்கல்' என்று பாட்டில் பிரித்துப் பாடும்போது பொருள் நிற்கிறது. ஒரே சொல்லாக ஒட்டிவிட்டால் நிற்கவில்லை.

வாதம் வடசொல் என்பது சரி. ஆனால் இங்கே அது பொருத்தமானது என்பேன். ஒரு தரப்பு எடுத்து வைத்து வாதாடுகிற நிலைப்பாடு இது. நாத்திகவாதம், பிரிவினைவாதம் போல. வழக்குமன்றத்தில் கிடந்து அடிபட்ட ஒன்றுக்கு 'வாதம்' பொருந்தாமல் வேறு எது பொருந்தும்?

இன்னொரு சிக்கலையும் பாருங்கள். 1968 முதல் வந்த இந்த வழக்குகள் எல்லாம் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தத்தின் மேல் நடந்தவை. அரசு எந்தச் சமயத்தையும் 'நிறுவக் கூடாது' என்று வழக்கமாக மொழிபெயர்ப்பார்கள். நிறுவுக என்றால் கணக்குப் பாடத்தில் மெய்ப்பித்துக் காட்டு என்று பொருள். 'லூசியானா சட்டம் சமயத்தை நிறுவுகிறது' என்று எழுதினால், சமயம் மெய் என்று சட்டம் காட்டிவிட்டதாகத் தலைகீழாகப் படிக்கலாம். 'அரசு சமயமாக்கல்' என்று எழுதுங்கள்.

*உயிரியல் ஆசிரியை, நாகர்கோவில்:*

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. 'ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்' என்பதைக் கேட்டுத்தான் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வளர்கிறார்கள். சிருஷ்டி என்றால் விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமம்தான். படைப்பு என்றால் கவிதையும் படைப்பு, பொங்கலும் படைப்பு. எழுதுகிறவர் படைப்பாளி. 'படைப்புவாதம்' என்று தலைப்புப் போட்டால் இலக்கிய இயக்கம் என்று நினைத்துவிடுவார்கள். 'சிருஷ்டிவாதம்' என்று சொன்னால் இது எந்த நூலிலிருந்து வருகிறது என்பது சொல்லிலேயே தெரியும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை சிருஷ்டி கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை பரிணாமம் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களை இந்தச் சொல்லால் குத்த வேண்டாம். கடவுள் உலகைப் படைத்தார் என்று நம்புவது வேறு, அதை உயிரியல் பாடவேளையில் பரிணாமத்துக்கு மாற்றாக வைப்பது வேறு. டோவரில் வழக்குப் போட்டவர்கள் அந்த ஊர்ப் பெற்றோர் பதினொரு பேர். அவர்கள் பக்கம் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர்.

*பொறியாளர், டொரன்டோ (ஊர் யாழ்ப்பாணம்):*

சிருஷ்டி வேண்டாம் டீச்சர். கத்தோலிக்க விவிலியத்தின் தொடக்கநூல் 'படைத்தபொழுது' என்றுதானே வாசிக்கிறது. ஒரு சபையின் சொல்லை எடுத்தால் மற்றச் சபைக்கு அந்நியமாகும்.

நீங்கள் எல்லோரும் பரிணாமம் என்றே எழுதுகிறீர்கள். இலங்கைப் பாடசாலைகளில் நாங்கள் படித்தது கூர்ப்பு. 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்று தொல்காப்பிய உரியியலிலேயே கிடக்கிறது. அகத்தை விட்டுவிட்டுப் புறத்தில் தேடுவானேன்?

இன்டெலிஜென்ட் டிசைனுக்கு 'வகுப்பு' என்ற வேரைப் பார்க்கலாம். 'வகுத்தான் வகுத்த வகை'. திட்டமிட்டு அமைத்தவனை வகுத்தான் என்று குறளே சொல்லுது. அறிவோடு வகுத்தது 'மதிவகுப்பு'.

*வழக்குரைஞர், மதுரை:*

மதிவகுப்பை முன்வைப்பவரை என்னவென்று சொல்வீர்கள்? வகுப்புவாதி! இந்தியாவில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். வகுப்பறை பற்றிய கட்டுரையில் வகுப்பும் வகுப்புவாதமும் சேர்ந்து வந்தால் வாசகர் எங்கோ போய்விடுவார்.

*உயிரியல் ஆசிரியை, நாகர்கோவில்:*

கூர்ப்பு அழகான சொல். ஆனால் அந்த நூற்பாவே 'உள்ளது சிறக்கும்' என்கிறதே! உயிரினம் மாறுவதெல்லாம் சிறப்பதற்கு அல்ல என்று மாணவர்களுக்குப் புரியவைக்கத்தான் எங்களுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றுகிறது. குகையில் வாழும் மீன் கண்ணை இழப்பதும் பரிணாமம்தான். இதே காரணத்துக்காகப் 'பரிணாம வளர்ச்சி' என்பதையும் நான் வகுப்பில் சொல்வதில்லை. 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்று திருவாசகத்தை இங்கே யாரும் எடுக்காமல் இருந்தால் நல்லது. மாணிக்கவாசகர் பிறவிச் சுழலைப் பாடினார். டார்வினுக்கு அவரைச் சாட்சியாக்கினால் இருவருக்குமே நாம் நியாயம் செய்யவில்லை.

*மொழிபெயர்ப்பாளர், சென்னை:*

நன்றி. நான் ஏன் மூன்று சொல்லையும் சேர்த்துக் கேட்டேன் என்று இப்போது சொல்கிறேன். கட்டுரையின் உயிரே இந்த இடத்தில் இருக்கிறது.

டோவர் பள்ளி வாரியம் மாணவர்களுக்குப் பரிந்துரைத்த புத்தகம் 'பாண்டாக்களையும் மக்களையும் பற்றி'. அதன் பழைய வரைவுகள் வழக்கில் வெளியே வந்தன. முந்தைய வரைவில் படைப்பு என்றால் என்ன என்று ஒரு வரையறை. பலவகை உயிர்கள் அறிவுள்ள படைப்பாளர் ஒருவரால், தத்தம் இயல்புகளோடு திடீரெனத் தோன்றின, மீன் துடுப்போடும் செதிலோடும், பறவை இறகோடும் அலகோடும், என்று அது போகிறது. 1987 தீர்ப்புக்குப் பின் வந்த வரைவில் அதே மீன், அதே செதில், அதே பறவை. எழுவாய் மட்டும் இன்டெலிஜென்ட் டிசைன். படைப்பு என்ற சொல்லும் அதன் திரிபுகளும் சுமார் 150 இடங்களில் திட்டமிட்டு மாற்றப்பட்டன என்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பில் எழுதினார்.

ஓரிடத்தில் மாற்றியவருக்குக் கை தவறியிருக்கிறது. கிரியேஷனிஸ்ட்ஸ் என்பதை அழித்து டிசைன் ப்ரொபொனென்ட்ஸ் என்று போடும்போது, பழைய சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்துகளும் அழியாமல் ஒட்டிக்கொண்டன. பார்பரா ஃபாரஸ்ட் என்ற மெய்யியல் பேராசிரியர் அதைக் கண்டுபிடித்தார். இரண்டு பெயரும் ஒன்றே என்பதற்கு அதைவிட வெளிப்படையான தடயம் கிடையாது.

இதைத் தமிழில் எப்படிக் காட்டுவது? படைப்புவாதிகள் என்பதில் 'ப'வும் 'வாதிகள்' என்பதும் மிஞ்சி, நடுவில் புதுச் சொல் புகுந்தால், 'பவடிவமைப்பு ஆதரவாளர்வாதிகள்' என்று வரும். பார்த்ததும் பிழை என்று தெரிகிறது, என்ன நடந்தது என்பதும் புரிகிறது. இதற்காகவே எனக்குப் படைப்புவாதம் வேண்டும்.

*தமிழாசிரியர் (ஓய்வு), திருவையாறு:*

அம்மையீர், ஒரு தட்டச்சுப் பிழைக்காகக் கலைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது முறையா? சொல் நூறாண்டு நிற்க வேண்டியது. 'படைப்பியர்' என்று கொண்டாலும் முதலெழுத்தும் ஈறும் மிஞ்சத்தான் செய்யும். மேலும் 'வடிவமைப்பு ஆதரவாளர்' என்று விட்டிசைக்க எழுதுவது பிழை. 'வடிவமைப்பாதரவாளர்' என்று புணர்த்தி எழுதுங்கள்.

தெளிவு கருதி இன்னொன்று: படைப்பியம் பிடிக்கவில்லை என்றால் 'படைப்பியல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். இயல் தூய தமிழ், பிள்ளைகளுக்கும் பழக்கமானது.

*மொழிபெயர்ப்பாளர், சென்னை:*

ஐயா, உங்கள் மேல் எனக்குள்ள மதிப்பு உங்களுக்குத் தெரியும். ஆனால் படைப்பியல் கூடவே கூடாது. உயிரியல், வேதியியல், விலங்கியல் என்று இயல் ஒட்டினால் அது ஒரு துறை ஆகிவிடுகிறது. 1982இல் அர்க்கன்சா வழக்கில் நீதிபதி ஓவர்ட்டன் எதை மறுத்தார்? அறிவியல் என்றால் இயற்கை விதியால் விளக்க வேண்டும், சோதித்துப் பார்க்க முடிய வேண்டும், பொய்யானால் பொய் என்று காட்ட வழி இருக்க வேண்டும், முடிவை மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லி, இது அறிவியல் இல்லை என்றார். அவர் மறுத்ததை நாம் ஒரு விகுதியில் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. 'படைப்பு அறிவியல்' என்பதை மட்டும், அவர்களே வைத்துக்கொண்ட பெயர் என்பதால், மேற்கோள் குறிக்குள் போடுவேன்.

*உயிரியல் ஆசிரியை, நாகர்கோவில்:*

இயல் பற்றி அக்கா சொன்னதுதான் சரி. அதைவிட எனக்குக் கவலையான சொல் தியரி. டோவரில் 2005 ஜனவரியில் ஒன்பதாம் வகுப்பு உயிரியல் ஆசிரியர்கள் வாரியத்தின் அறிக்கையை வாசிக்க மறுத்தார்கள். நிர்வாகிகள் வகுப்புக்குள் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். டார்வினுடையது தியரிதான், உண்மை அல்ல, அதில் இடைவெளிகள் உண்டு, வேறு விளக்கம் வேண்டுமானால் பாண்டா புத்தகம் இருக்கிறது என்பது அதன் சாரம். ஆசிரியர் வாசிக்க மறுத்த ஒன்றை வெளியாள் வந்து வாசிக்கும்போது அந்தப் பிள்ளை யாரை நம்பும்? நான் இதைப் படித்த அன்று தூங்கவில்லை.

தமிழில் 'டார்வின் கொள்கை' என்று எழுதினால் கட்சிக் கொள்கை மாதிரி, பிடித்தவர் பின்பற்றலாம் என்று ஆகிறது. 'கோட்பாடு' என்று எழுதினால் அறிக்கையின் தந்திரமே தெரியாது, கோட்பாட்டை யாரும் வெறும் ஊகம் என்று நினைப்பதில்லை. 'தியரி வேற, பிராக்டிகல் வேற' என்று நம் பிள்ளைகளே சொல்கிறார்களே, அந்தத் தியரியைத்தான் வாரியம் பிடித்துக்கொண்டது. அறிக்கையில் மட்டும் தியரி, மற்ற இடங்களில் கோட்பாடு என்று போடுங்கள்.

சிருஷ்டியை விட்டுக்கொடுக்கிறேன். முதல் முறை வரும்போது 'ஆதியாகமப் படைப்புவாதம்' என்று எழுதினால் எனக்குப் போதும்.

*பொறியாளர், டொரன்டோ:*

எனக்கும் சரி. வகுப்பைக் கைவிடுகிறேன், கூர்ப்பைக் கைவிடமாட்டேன். அடைப்புக்குறிக்குள் ஒருமுறையாவது போடுங்கள், இலங்கைப் பிள்ளைகளும் வாசிப்பார்கள்தானே. நுண்ணறிவு வேண்டாம். 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்றால் வடிவமைப்புக்குத்தான் அறிவு, வடிவமைத்தவருக்கு இல்லை என்று படும். ஆனால் ஆங்கிலத்திலும் அதே மயக்கம் இருக்கிறது. அவர்கள் வேண்டுமென்றே விட்ட மயக்கத்தை நாம் தீர்த்து வைக்கத் தேவையில்லை.

*மொழிபெயர்ப்பாளர், சென்னை:*

அப்படியானால் படைப்புவாதம், 'படைப்பு அறிவியல்', அறிவார்ந்த வடிவமைப்பு. அறிக்கையில் தியரி, மற்ற இடங்களில் கோட்பாடு. பரிணாமம் முதலில் வரும் இடத்தில் கூர்ப்பும். வழக்குரைஞர் சொன்ன அரசு சமயமாக்கலையும் எடுத்துக்கொண்டேன். இன்று இரவு பதிப்பாளருக்கு அனுப்புகிறேன்.

*தமிழாசிரியர் (ஓய்வு), திருவையாறு:*

பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆயினும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். வாதம் இருக்கும்வரை சொல்லடைவில் 'படைப்பியம் எனவும் வழங்கும்' என்று ஒரு வரி சேருங்கள். 'பவடிவமைப்பாதரவாளர்வாதிகள்' என்று சேர்த்தே எழுதுங்கள், இடைவெளி வேண்டாம்.

*வழக்குரைஞர், மதுரை:*

ஐயா, அது பிழையாக இருப்பதால்தான் சான்றாவணமாயிற்று. அதைப் புணர்ச்சி இலக்கணத்தோடு திருத்தினால் ஆவணத்தைத் திருத்தியதாகிவிடும். இடைவெளி இருக்கட்டும்.

*தமிழாசிரியர் (ஓய்வு), திருவையாறு:*

மூல ஆவணத்தின் பிழை எழுத்தில்தான், புணர்ச்சியில் அல்ல. நாளை விரிவாக எழுதுகிறேன்.