டெக் வெற்றிக் கணக்கு: புள்ளியியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மேஜிக் தி கேதரிங் அட்டை விளையாட்டின் 'மாடர்ன்' வகைப் போட்டிகளில் எந்த டெக் (ஆட்டக்காரர் கொண்டுவரும் அட்டைக் கட்டு) உண்மையிலேயே ஜெயிக்கிறது என்று ஒரு எக்செல் போட்டு வருகிறேன். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலில் டாப் 8 (முதல் எட்டு இடம் பிடித்தவர்கள்) பட்டியலை மட்டும்தான் எண்ணினேன். அது தப்பு என்று அப்புறம்தான் புரிந்தது. ஒரு போட்டியில் 80 பேர் எடுத்து வந்த டெக் மூன்று இடம் பிடிப்பதும், 6 பேர் எடுத்து வந்த டெக் இரண்டு இடம் பிடிப்பதும் ஒன்றா? தோற்றவர்களின் டெக் தெரியாமல் எதையும் சொல்ல முடியாது. 2016 பிப்ரவரியில் அட்லாண்டாவில் நடந்த 'புரோ டூர்' தொழில்முறைப் போட்டியில் 'எல்ட்ராசி' வகை உயிரின அட்டைகள் கொண்ட டெக்குகள் டாப் 8-இல் 6 இடம் பிடித்தன. ஏப்ரலில் அந்த டெக்குகளில் இருந்த 'ஐ ஆஃப் யூகின்' அட்டையைத் தடை செய்தார்கள். அவ்வளவு பளிச்சென்று எப்போதும் தெரிவதில்லை.

இப்போது ஒவ்வொரு சுற்றின் முடிவையும் பதிகிறேன். இருவரும் ஒரே வகை டெக்கோடு மோதும் ஆட்டங்களை நீக்கிவிட்டேன், அவை வெற்றி விகிதத்தை 50 சதவீதத்தை நோக்கி இழுப்பதால். சிக்கல் சின்ன எண்ணிக்கையில்தான். 11 ஆட்டத்தில் 7 வெற்றி என்றால் 64 சதவீதம். ஆனால் 95 சதவீத நம்பக எல்லை (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு) ஏறக்குறைய 35-இலிருந்து 85 வரை போகிறது! இதை வைத்து யாருக்கு என்ன டெக் சொல்வது?

பல போட்டிகளின் தரவைச் சேர்க்கலாமா? நடுவில் புது அட்டைத் தொகுப்பு வந்துவிட்டால் பழையதை ஒதுக்க வேண்டுமா, எடை குறைத்தால் போதுமா? பேயீசியன் முறையில் (முன்பே உள்ள மதிப்பீட்டைப் புதுத் தரவால் திருத்தும் முறை) செய்தவர்கள் இருந்தால் எக்செல் வாய்ப்பாட்டோடு சொல்லுங்கள், மிகவும் உதவியாக இருக்கும்.