மறு: 'பறக்கும் உதைசுவர்' சரிதானா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

> ஃப்ளையிங் பட்ரஸ் என்பதற்கு 'பறக்கும் உதைசுவர்' என்றே வைத்துக்கொள்வோம். எளிது, எல்லாருக்கும் புரியும்.

புரியாது ஐயா. ஐரோப்பியப் பேராலயங்களின் உயரமான சுவர்களுக்கு வெளியிலிருந்து துணைநிற்கும் இந்தக் கட்டட உறுப்புக்குத்தானே தமிழ்ப்பெயர் தேடுகிறோம்? முதலில் அது சுவரே இல்லை. பாரிசு நோத்ர தாம் பேராலயத்தைக் கிழக்கிலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள். சிலந்திக் கால்கள்போல வெளியே நீண்டு நிற்பவைதான் நாம் பேர் வைக்கப் போகிறவை. ஒவ்வொன்றும் ஓர் அரைவளைவு. மேல்நுனி நடுக்கூடத்தின் உயரமான சுவரைத் தொடும். கீழ்நுனி பக்கக்கூடத்தின் கூரையைத் தாண்டி வெளியே நிற்கும் பருத்த தூணில் இறங்கும். இடையில் வெறும் காற்று. ஆங்கிலேயர் கண்ணுக்கு அது பறப்பதாகப் பட்டதால் நாமும் பறக்க வேண்டுமா?

அது செய்யும் வேலையைப் பார்ப்போம். கல்லால் ஆன வளைகூரை கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, சுவர்களை வெளிப்பக்கமாகவும் தள்ளும். கோதிக் பாணிக்கு முந்தைய ரோமனெஸ்க் பாணித் தேவாலயங்களில் இதைச் சமாளிக்கச் சுவரையே தடிமனாக்கினார்கள், சன்னல் சிறுத்தது, உள்ளே இருட்டு. பின்னால் வந்த கோதிக் பாணிக் கொத்தர்களோ அந்தத் தள்ளலை அரைவளைவு வழியாக வெளித்தூணுக்குக் கடத்திவிட்டார்கள். சுவருக்குச் சுமை குறைந்ததும் அந்த இடத்தில் வண்ணக் கண்ணாடி வந்தது. 1194இல் தீப்பிடித்தபின் எழுந்த பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் சுமார் 37 மீட்டர் உயரத்தில் கல்கூரை நிற்கிறது, அதன் கீழே அத்தனை கண்ணாடி. (அதே நாட்டின் போவே பேராலயத்தில் ஆசை 48 மீட்டருக்குப் போனது. 1284இல் கூரையின் ஒரு பகுதி விழுந்தது.)

நம் கற்கோயில்களில் இந்தச் சிக்கலே எழவில்லை. தூண், அதன் தலையில் அமரும் போதிகை, உத்திரம் என்று எடை நேராகக் கீழே இறங்கிவிடுகிறது. பக்கவாட்டில் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. அதனால் சிற்பநூல்களில் இதற்கு ஆயத்தச் சொல் தேடுவது வீண்வேலை என்பது என் எண்ணம்.

> 'தாங்குவளைவு' எப்படி?

அழகான சொல், ஆனால் தூணும் தாங்குகிறது, உத்திரமும் தாங்குகிறது. இதற்கென்று உள்ள தனிக்குணம் அதில் வரவில்லை. 2019 ஏப்ரலில் நோத்ர தாம் எரிந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். வளைகூரையில் ஓட்டைகள் விழுந்தன. கூரை வெளியே தள்ளுவது நின்றுபோனால் எதிரே இருக்கும் அரைவளைவுகள் சுவரை உள்ளே தள்ளிச் சாய்த்துவிடுமே என்ற பயம் பொறியாளர்களுக்கு. 28 வளைவுகளுக்கும் அடியில் மரச்சட்டகம் செய்து நிறுத்தினார்கள். சும்மா தாங்குகிற பொருளைக் கண்டு யாரும் அப்படிப் பயப்பட மாட்டார்கள். அது ஓயாமல் எதிர்த்து முட்டிக்கொண்டே இருக்கும் பொருள்.

பிரெஞ்சுக்காரர்கள் அதை அப்படித்தான் அழைக்கிறார்கள்: 'ஆர்க் பூத்தான்', அதாவது முட்டித் தள்ளும் வளைவு. ஆங்கில 'பட்ரஸ்' பிறந்ததும் அதே பிரெஞ்சு வினையிலிருந்துதான்.

எனவே என் பரிந்துரை முட்டுவளைவு. கட்டட வேலைக்காரர்கள் சாயும் சுவருக்கு 'முட்டு கொடு' என்று இன்றும் சொல்கிறார்கள். ஆடு முட்டுவதும் அதே சொல். தள்ளுதல், தாங்குதல் இரண்டும் அதற்குள் இருக்கின்றன.

> 'உதைவில்' இன்னும் சுருக்கமாக இருக்கிறதே?

இருக்கிறது, செர்மன் மொழியிலும் வில்லுக்கும் வளைவுக்கும் ஒரே சொல்தான். ஆனால் நம் பாடநூல்களில் ஸ்பிரிங்குக்குச் 'சுருள்வில்' ஊன்றிவிட்டதால், 'உதைவில்' என்றால் பையன்கள் ஏதோ எகிறிக் குதிக்கும் கம்பி என்றுதான் நினைப்பார்கள்.

சமூக ஊடகத்தில் 'முட்டுக் கொடுப்பது' கட்சிக்காரர் வேலையாகிவிட்டது, சிரிப்பார்கள் என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். சிரிக்கட்டும். விழப்போவதைப் பக்கத்தில் நின்று நிமிர்த்திப் பிடிப்பதுதானே அங்கேயும் நடக்கிறது!

இந்தச் சொல்லை ஏற்றால் அதன் குடும்பமும் எளிதில் அமையும். வெளியே நிற்பது முட்டுத்தூண். சுவரோடு ஒட்டிய சாதாரண பட்ரஸ் முட்டுச்சுவர். இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தில் பக்கக்கூடக் கூரைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் அரைவளைவுகளை மறைமுட்டுவளைவு என்று சொல்லிவிடலாம். 'பறக்கும்' என்று தொடங்கியிருந்தால் அவற்றுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

முட்டுத்தூணின் தலையில் கூம்பாக நிற்கும் கல்லுக்குத்தான் எனக்குச் சொல் அமையவில்லை. பார்க்க அலங்காரம், ஆனால் அதன் எடை சரிந்து வரும் விசையைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. 'சிகரம்', 'கலசம்' இரண்டும் நம் கோயிலுக்கு உரியவை, அவற்றை இங்கே இழுக்க வேண்டாம். 'பளுக்கூம்பு' என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் காதுக்கு இனிக்கவில்லை. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்.