அம்மாவின் பாலிசி வெள்ளியோடு முடிகிறது, அவசரம்

(ஊர்க்காரர்கள் குழு; எல்லோரும் தங்கள் ஊர்ப் பெயரில் எழுதுகிறார்கள்)

முத்தியால்பேட்டை: அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். நேற்று படிக்கட்டில் வழுக்கி மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். டிராவல் இன்சூரன்ஸ் வெள்ளியோடு முடிகிறது. நீண்ட நாளுக்கு எந்தக் கம்பெனி நல்லது? சீக்கிரம் சொல்லுங்கள், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

மஞ்சக்குப்பம்: முதலிலேயே ஒரு வருஷத்துக்கு எடுத்திருக்க வேண்டும். அப்பாவை சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்ட நாள் தங்க கனடா தரும் விசா) டொரொண்டோவுக்கு அழைத்தபோது ஒரு லட்சம் கனடா டாலருக்குக் குறையாத பாலிசி காட்டினேன். அப்படி எடுங்கள்.

தேவனாம்பட்டினம்: எல்லாம் பணம் பறிக்கிற வேலை. வந்த புதிதில் எனக்கு நாலு மாசம் எந்தக் காப்பீடும் இல்லை. கடைவாய்ப் பல்லில் கிராம்பை அடக்கிக்கொண்டு நைட் ஷிஃப்ட் பார்த்தேன். கன்னம் வீங்கி ஹெல்மெட் நுழையவில்லை.

மஞ்சக்குப்பம்: கிராம்பு வைத்தால் எலும்பு கூடுமா அண்ணே?

கடலூர் ஓ.டி.: என் மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதை ஏஜென்ட் படிவத்தில் எழுதவே இல்லை. கிளெய்ம் போச்சு. மீன் மார்க்கெட்டில் பார்த்தால் இன்னமும் சிரித்துக்கொண்டே வணக்கம் வைக்கிறார்.

வில்லியனூர் அக்கா: எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள். தம்பி, எந்த நாடு? என்ன விசா? அம்மா வந்து எத்தனை நாள்?

முத்தியால்பேட்டை: மன்னிக்கவும் அக்கா. பிரான்ஸ், லியோன். ஷெங்கன் விசா, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான குறுகிய கால விசா. இன்று 85வது நாள். டிக்கெட் வெள்ளிக்கிழமை. டாக்டர் இரண்டு வாரம் விமானம் வேண்டாம் என்கிறார்.

வில்லியனூர் அக்கா: அதை முதலில் சொல்ல வேண்டாமா! 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், உங்கள் பெரிய தலைவலி விசா. பறக்கக் கூடாது என்று டாக்டரிடம் தேதி போட்டு பிரெஞ்சில் கடிதம் வாங்கி, விசா முடிவதற்குள் பிரெஃபெக்சரில் (மாவட்ட அரசு அலுவலகம்) நீட்டிப்பு கேளுங்கள். புதுக் கம்பெனி தேடாதீர்கள். ஊர்ப் பாலிசிகளைப் பெரும்பாலும் கிளம்பும் முன்தான் எடுக்க முடியும். இருப்பதையே வெள்ளிக்குள் நீட்டிக்கச் சொல்லுங்கள், 30,000 யூரோவுக்குக் குறையாமல். நீட்டித்த நாட்களில் இந்தக் கைக்குப் பணம் தர மாட்டோம் என்பார்கள். அதனால் விழுந்ததற்கான கிளெய்மை இன்றே பதிந்து எண் வாங்கிவிடுங்கள். பில், எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

முத்தியால்பேட்டை: பாலிசித் தாளை அம்மா மஞ்சள்தூள் பொட்டலத்தோடு மடித்து வைத்திருக்கிறார். உதவி எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் தெரியவில்லை.

வில்லியனூர் அக்கா: விசாவுக்குக் கொடுத்த பிடிஎஃப் மெயிலில் இருக்குமே.

முத்தியால்பேட்டை: கிடைத்தது. லைனில் இருக்கிறேன். பிறந்த தேதி கேட்கிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒன்று இருக்கிறது, அம்மா வேறொன்று சொல்கிறார்.

வில்லியனூர் அக்கா: பாஸ்போர்ட்டில் இருப்பதைச் சொல்லுங்கள் தம்பி.