பின் ஷொக் மாத்தணும், எயாரா கொயிலா?

குடும்பிமலை பக்கம் கிரவல் றோட்டுல ஓடுற மவுண்டன் பைக், பின் ஷொக் எண்ணெய் ஒழுகுது, பள்ளத்துல இறங்கினா டங் எண்டு அடிமுட்டி முதுகு நோகுது. பழசுல 210x55 எண்டு கிடக்கு. எனக்கு 72 கிலோ. காத்துல வேலை செய்ற எயார் ஷொக்கா, சுருள் ஸ்பிரிங் உள்ள கொயில் ஷொக்கா, எதை எடுக்க?

பதில் 1:
அந்த அளவுதான் முக்கியம் தம்பி, முதல் நம்பர் மொத்த நீளம், மற்றது உள்ள அமுங்குற தூரம், ரெண்டும் மில்லிமீற்றர், உங்கட பிரேமுக்கு அதையேதான் போடணும். நான் எண்டா எயார்தான் எடுப்பன், பாரத்துக்கு ஏத்தமாதிரி காத்தைக் கூட்டிக் குறைக்கலாம், கொயிலுக்கு ஸ்பிரிங்கையே மாத்தணும். மறுகா சாக் (sag, நீங்க ஏறி இருக்கேக்க உங்கட பாரத்துக்கு ஷொக் அமுங்குற தூரம்) பாருங்க, ஓடுற உடுப்பு தண்ணிப் போத்தலோட ஏறி இருந்து ஷொக் தண்டுல கிடக்கிற ஓ ரிங்கை (ரப்பர் வளையம்) மேல முட்டத் தள்ளிவிட்டு மெல்ல இறங்கி அளந்தா 14 - 16 மில்லிமீற்றர் வரணும். டயர் பம்ப் சரிவராது, ஷொக் பம்ப் வேணும்.

பதில் 2:
சாக் சரியாகியும் அடிமுட்டினா காத்தைக் கூட்டிட்டே போகாதீங்க, வால்யூம் ஸ்பேசர் (காத்து அறைக்குள்ள இடத்தைக் குறைக்கிற துண்டு) ஒண்டு போடுங்க, கடைசி அமுக்கம் மட்டும் இறுகும். ரெபவுண்டை (அமுங்கின ஷொக் திரும்பி நிமிருற வேகம்) கொஞ்சம் வேகமா விடுங்க, கிரவல் வரிவரியா கிடக்கிற இடத்துல ஸ்லோவா வச்சா அடுத்த வரி வரமுதல் ஷொக் நிமிராது, அமுங்கியே கிடக்கும்.

கேட்டவர்:
ஓ, நான் ரெபவுண்டை முழுசா ஸ்லோவுலதான் வச்சிருந்தன்! நாளைக்கே மாத்திப் பாக்கிறன் அண்ணன்.