ஆண்டிலோப் தீவுல பைசன் பார்க்க ஜூன்ல போறதா, நவம்பர்லயா?

செங்காங் அம்மா:
அண்ணன் வேலை மாத்தலாகி அமெரிக்காவுல சால்ட் லேக் சிட்டிக்குப் போயிருக்கார். ஸ்கூல் லீவுக்கு வாங்கன்னு ஒரே வற்புறுத்தல். அங்க உப்பு ஏரிக்குள்ள ஆண்டிலோப் தீவு இருக்காம், பைசன்னு அந்த ஊர்க் காட்டெருமை காருக்குப் பக்கத்துலயே நடந்து போகுமாம். மகனுக்கு ஏரியில மிதக்கணும். மாமியாருக்கு மூட்டுவலி, ரொம்ப நடக்க முடியாது. எப்போ போனா நல்லது? போனவங்க சொல்லுங்களேன்.

கிராஞ்சி கொக்கு:
தங்கச்சி, நவம்பர் கடைசிக்கு டிக்கெட் போடுங்க. மிதக்கிற ஆசையை மட்டும் மகன்கிட்ட இப்பவே பேசித் தீர்த்துடுங்க.

ஜூன்ல என்னன்னா, கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒரு பூச்சி. வசந்த காலத்துல கிளம்பும், வெயில் நல்லா ஏறுற வரைக்கும் தலைமுடிக்குள்ள புகுந்து கடிக்கும். மிதக்க முடியும்தான். கடல்ல உப்பு 3.5 விழுக்காடு, இந்த ஏரியோட தென்பகுதியில அதைவிடப் பல மடங்கு. ஆனா தண்ணி உள்வாங்கிக் கிடக்கு. 2022 நவம்பர்ல அதுவரைக்கும் இல்லாத அளவுக்கு இறங்கிடுச்சு. கார் நிறுத்துற இடத்துலேர்ந்து கரைக்கு மணல்ல நடக்கணும், உங்க மாமியாருக்கு ஆகாது.

விலங்கு பார்க்க நடக்கவே வேணாம். சைரக்யூஸ் ஊர்லேர்ந்து தீவுக்கு 11 கிலோமீட்டர் காஸ்வே, ஏரிக்கு நடுவுல போட்ட ரோடு. நம்ம சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் காஸ்வே ஒரு கிலோமீட்டர்தான், அதுல நிக்கிற நேரத்தை நினைச்சா இது சொர்க்கம். தீவுக்குள்ள போனதும் கிழக்குப் பக்க ரோட்டைப் பிடிச்சு கார் பண்ணை வரைக்கும் மெதுவா ஓட்டுங்க. ‘கார்’ அங்க ஒருத்தரோட பேரு, பண்ணை வீடு 1848ல கட்டினது. இலை உதிர்ந்த காலத்துல அங்க மரத்துல முள்ளம்பன்றி சுருண்டு கிடக்கும், அண்ணாந்து பாருங்க.

பைசன் மந்தை 1893ல படகுல கொண்டுவந்து விட்ட 12 உருப்படியில தொடங்கினது, இப்ப நூற்றுக்கணக்குல இருக்கு. வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில குதிரையில போய் மடக்கி, ஊசி போட்டு, தீவு தாங்காத அளவுக்கு இருக்கிறதை வித்துடுவாங்க. ரோட்டோரம் பெரிய பாறை கண்டா நிறுத்துங்க. பைசன் உடம்பைத் தேச்சுத் தேச்சு ஒரு பக்கம் மட்டும் வழவழன்னு ஆகியிருக்கும், பக்கத்துப் புதர்ல பழுப்பு ரோமம் கொத்துக் கொத்தாச் சிக்கியிருக்கும். அதைப் பார்த்துட்டீங்கன்னா மந்தை தூரமில்ல. வாலை மேல தூக்குச்சுன்னா கோபம், வண்டியை எடுத்துடுங்க.

நவம்பர்ல கிளை கிளையாக் கொம்பு வச்ச ஆண் மான்கள் பெட்டையைத் துரத்திக்கிட்டு ரோட்டுக்கே வரும். ப்ராங்ஹார்ன்னு மான் மாதிரி இன்னொரு விலங்கு, அது தூரத்துலதான் நிக்கும். மிரண்டா பின்பக்கத்து வெள்ளை ரோமம் சிலிர்த்து, தொலைநோக்கி இல்லாமலே தெரியும்.

தேக்கா தம்பி:
அண்ணே, இதுக்கு மண்டாய் விலங்குத் தோட்டத்துக்கே போயிடலாமே. டிராம்ல உக்காந்தே பார்க்கலாம்.

கிராஞ்சி கொக்கு:
மண்டாய்ல எது எங்க இருக்கும்னு போர்டே போட்டு வச்சிருக்கான் தம்பி. வருமா வராதான்னு தெரியாம காத்திருக்கிறதுலதான எல்லாமே இருக்கு.

செங்காங் அம்மா:
நவம்பர்னே சொல்லிட்டேன் அண்ணே. ஏரி நாறும்னு அண்ணி பயமுறுத்துறாங்க, உண்மையா?

கிராஞ்சி கொக்கு:
சில நாள் நாறும். சுங்கை பூலோ சதுப்பு நிலத்துல தண்ணி வத்தினதும் வர்ற சேத்து வாடைதான், பத்து நிமிஷத்துல மூக்குக்குப் பழகிடும். ஏரியில மீன் கிடையாது, கூனி இறால்தான். அதைத் தின்ன இலையுதிர் காலத்துல முக்குளிப்பான் பறவை லட்சக்கணக்குல வந்து இறங்கும். நவம்பர் கடைசியிலயும் மிச்சம் இருக்கும், காஸ்வேயில ஒதுக்கிடம் பார்த்து நிறுத்துங்க. அஞ்சு மணிக்கே இருட்டிடும், அதனால காலையிலயே கிளம்புங்க. மாமியாருக்கு கையுறையும் கம்பளிக் குல்லாவும் இங்கேயே வாங்கிடுங்க. முஸ்தபா கடையில கிடைக்கும்.